ஆயிரம் வாட் ஹீட்டர்

கள்ளக்குறிச்சியில் வாங்கிய ஆயிரம் வாட் ஹீட்டர், கல்வராயன் மலையிலுள்ள என் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை வெதுவெதுப்பாக்கவே படாத பாடு பட்டது. பஸ் பிடித்து மலையிறங்கிப் போய்க் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாளியில் போட்டுக் காட்டினார். ஆவி பறந்தது.

"இன்னா சார், நல்லாத்தானே கொதிச்சிக்கினு இருக்குது?"

வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய கதைதான். மூன்றாவது முறை போய்க் கத்தியதும் அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஹீட்டர மட்டும் தூக்கினு வந்தா எப்டி சார்? உங்க வூட்டு கரண்ட்டையும் கொண்டாங்க."

ஆத்திரத்தோடு திரும்பி, பள்ளிக்கூடத்து மீட்டரை எடுத்துவந்து அளந்தேன். 160 வோல்ட், மூன்று ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தேன்: மின்தடை 53 ஓம். ஆயிரம் வாட் ஹீட்டருக்கு இருக்கவேண்டிய அதே தடை. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டையும் பெருக்கினேன்: 480 வாட். பாதிகூட இல்லை!

இதற்கா மூன்று தடவை மலையிறங்கினேன்? பன்னிரண்டு வருஷமாக இதே மலையில் இதே கணக்கை நடத்துகிற இயற்பியல் வாத்தியார் நான். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் முதல் வரியாக எழுதுவேன்: "மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் கொள்க."