மடு வானும் என் கலியாண நெற்றும்

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த ஒரு வருஷம் மாமியின் மகன் துரை பழைய வான் வண்டி ஒன்றை வாங்கினான். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் எங்கள் குருநகர்ச் சனம் கொட்டில் போட்டு, அங்கேயே சமைத்து, கிழமைக் கணக்கில் தங்கும். கொட்டில் எதற்கு, வானுக்குள்ளேயே இருக்கலாம் என்று துரைக்கு எண்ணம். மெத்தை போட்டான், அடுப்புக்குத் தட்டு அடித்தான், கூரை முழுக்க ரியூப் லைற் பூட்டினான்.

என்னை அவனுக்குத்தான் பேசியிருந்தார்கள். கலியாணத்தன்று தலையில் போடும் வெள்ளை வலைத்துணியை, அந்த நெற்றை, மாமி என் கையில் தந்திருந்தா. நான் வாங்கியதோடு பேச்சு உறுதி. மாப்பிள்ளை வீட்டார் தந்ததைப் பெண் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். எங்கள் பகுதி வழக்கம் அது.

ஒரு பொழுதுபட்ட நேரம் எல்லாரையும் வானில் ஏற்றி லைற்றைப் போட்டுக் காட்டினான். ஐயோ, கண் கூசிப்போனது. கைக்குழந்தை ஒன்று வீரிட்டது. பல் பிடுங்குகிற இடம் மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. பாலன் பிறக்கும் நத்தாருக்குத் தொங்கவிடும் வெளிச்சக் கூட்டுக்கு ஒட்டும் சிவப்புத் தாளைச் சுற்றிப் பார்த்தான்; எல்லாருக்கும் அம்மை போட்டது போலிருந்தது. நீலத்தாளில் மீன்குழம்பு கறுத்துக் கிடந்தது, ஒருவரும் தொடவில்லை.

மறுநாள் வேலியடியில் வந்து நின்று அந்த நெற்றைக் கேட்டான். இரட்டையாக மடித்துக் கட்டினால் வெளிச்சம் பதமாக வருமாம். நான் தயங்கினேன்.

"எனக்காகத்தானே போடப் போறாய்? கலியாணத்துக்கு வேறை வாங்குவம்."

விசரி நான், நம்பினேன். நானே அளவெடுத்து வெட்டி, விளிம்பு தைத்து, நாடா வைத்துக் கட்டியும் விட்டேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, பால் நிறத்தில். மடுவில் பக்கத்துக் கொட்டில்காரரெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மகளையும் கூட்டிக்கொண்டு தினமும் வந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, அந்தப் பெண்ணை அவனுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா மாமி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாமி முகம் கொடுக்காமல் சொன்னா:

"உங்கடை மகள்தானே நெற்றைத் திருப்பித் தந்தவள், அண்ணை. நாங்கள் என்ன செய்யிறது?"

அவன் வாசலில் வானைத் துடைத்துக்கொண்டு நின்றான். நடந்ததை அவன் சொன்னால் போதும் என்று அவன் வாயையே பார்த்தேன். அப்பாவும் அவனிடம்தான் கேட்டார்.

"ஓம் மாமா. தன்ரை கையாலைதான் கொண்டுவந்து கட்டினவள்," என்றான் அவன்.

அப்பா என் பக்கம் திரும்பி, கட்டினாயா என்று கேட்டார். ஓம் என்றேன்.