சயாமில் விட்டுப்போன ஒரு பெயர்

ஆம்பூரில் அச்சகம் வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி பெரும்பாலும் வேலையாகத்தான் வந்து சேரும். போன மாதம் ஒரு காலை, தேவநேசன் அண்ணனின் மகன் கையில் படத்தோடு வந்து நின்றார். "அப்பா போய்ட்டாரு அங்கிள். போஸ்டர் அடிக்கணும்" என்றார். யார் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அடித்த கை எனக்கு. அன்றைக்கு ஓடவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், பகலெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, மற்ற நேரமெல்லாம் சயாம் என்று இருந்தவர். உலகப் போரின்போது, மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போயிருந்த நம் பக்கத்து ஆட்களை ஜப்பான் ராணுவம், இன்றைக்குத் தாய்லாந்து என்கிற சயாம் காட்டுக்கு ஓட்டிப்போய் ரயில் பாதை போடவைத்தது. பலர் திரும்பவில்லை. எங்கே, எப்படிச் செத்தார்கள் என்று வீட்டுக்குச் சொல்லவும் ஆளில்லை. அவர்களைப் பேரோடு எழுதிவைக்க வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கும் தோன்றாது. குடியாத்தமோ ஒடுகத்தூரோ, எங்கே சாவு என்று கேள்விப்பட்டாலும் போய் உட்கார்ந்துவிடுவார். ஒப்பாரியில் நம் பெண்கள் செத்தவரை மட்டுமா அழுகிறார்கள்? தங்கள் வீட்டில் போனவர்களையெல்லாம் சொல்லி அழுவார்கள். அதில் சயாம் என்று காதில் விழுந்தால், காரியமெல்லாம் முடிந்தபிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் போவார். "கூப்புடாத சாவுக்கெல்லாம் இன்னாத்துக்குணா போறீங்க?" என்று கிண்டல் செய்வேன். "சாவுக்கு எவன்டா பத்திரிகை வெக்கறான்?" என்பார்.

அப்படித்தான் ஒடுகத்தூர்ப் பக்கத்தில் வள்ளியம்மாவைக் கண்டுபிடித்தார். வள்ளியம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா மலேயாவுக்குக் கப்பலேறியவர். அம்மா கடைசிவரை தாலியோடு காத்திருந்து, பூவும் பொட்டுமாகவே போய்ச்சேர்ந்தார்.

அந்த அப்பாவோடு கூடக் கப்பலேறி, பிழைத்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் குடியாத்தத்தில் இருந்தார். அண்ணனோடு நானும் போனேன். "காலரா வந்தவங்கள குடிசையில போட்டு, கதவ வெளிய கட்டிக் கொளுத்திட்டாங்க. அவன் உசுரோடதான் இருந்தான். என் பேரச் சொல்லிக் கூப்ட்டான். நான் போவல" என்றார்.

அண்ணன் வள்ளியம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர், "இத எங்கப்பா பேரோட போட்டுடாதீங்க சார். எங்கம்மாவ பூ வெச்சு அனுப்பிட்டோம். அது தப்புன்னு ஊரு பேசும்" என்றார்.

அண்ணன் சேர்த்ததெல்லாம் புத்தகமாக என் அச்சகத்தில்தான் அச்சானது. நடந்ததை எழுதிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னார் அண்ணன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் பேருக்குத்தானேணா அலைஞ்சீங்க?" என்றேன்.

"பேரப் போட்டா, செத்துப்போன அந்தம்மாவுக்கு நாம தாலியறுக்கறோம்டா" என்றார்.

படித்தவர்கள் அச்சுப்பிழை என்று என்னைத்தான் போனில் திட்டினார்கள். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடக்கத்தன்று வள்ளியம்மா வந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. பேத்தியின் தோளைப் பிடித்திருந்தார். மண் போட்டு முடித்ததும் என்னிடம் வந்தார். "எங்கப்பா எப்டி செத்தார்னு தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போய்ட்டே இருக்காங்க. நானும் போய்ட்டா அப்டி ஒரு ஆளே இல்லன்னு ஆயிடும். பேரப் போட்டுடுங்க."

"ஊரு பேசும்னு சொன்னீங்களேம்மா" என்றேன்.

"பேசட்டும். பேசறதுக்காச்சும் அவரு பேரு வேணும் இல்ல?"

பெயருக்கு உரிமையுள்ளவர்கள் வாய்திறக்கும்வரை காத்திருக்கிற பொறுமை ஒன்றுதான் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. இதைக் கேட்க அவர் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தின் அடுத்த பதிப்புவரை வைத்திருக்கவும் மனம் வரவில்லை, அண்ணனுக்கான இந்த அஞ்சலியிலேயே போடுகிறேன்.

ஒடுகத்தூர்ப் பக்கம், முனுசாமி. சயாம் காட்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். இதை அவருடைய மகள் வள்ளியம்மா அறிவிக்கிறார்.