தாளிக்காத வீடு

பிரிஸ்கில்லாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். தாடிக்கொம்புப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் கிராம நர்ஸாக வேலை பார்த்ததில், அரசாங்கம் கொடுத்த எந்தக் கருவியையும்விட அந்த மூக்கைத்தான் அதிகமாக நம்பினாள்.

அந்த வாரம் சர்ச் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு. ரத்தத்தைச் சோதித்ததில் ரூபெல்லா அம்மை என்று வந்துவிட்டது. பிள்ளைகளை மூன்று நாள் படுத்திவிட்டுப் போகிற நோய்தான். ஆனால் ஆரம்ப மாதக் கர்ப்பிணிக்கு ஒட்டினால், வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் வரை கை வைத்துவிடும். யார் யாருக்கு வந்திருக்கிறது என்று உடனே தெரிந்தாக வேண்டும்.

தெரு வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அந்தோணியார் திருவிழா. அம்மை என்று தெரிந்தால் சப்பரம் தெருவுக்குள் வராதே! கேட்ட வீட்டிலெல்லாம், "வேர்க்குரு, நர்சம்மா." தை மாதக் குளிரில், ஸ்வெட்டர் போட்ட பிள்ளைக்கு வேர்க்குரு.

பிரிஸ்கில்லா சண்டை போடவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, ஊரே குழம்பு தாளிக்கிற நேரமாகப் பார்த்து, தெருவில் மெதுவாக நடந்தாள். அம்மை கண்ட வீட்டில் கடுகு வெடிக்கக்கூடாது. அந்தப் பயத்துக்கு மதம் கிடையாது. ஐந்தாவது வீட்டில் மூக்கு நின்றது. மாதா சபைத் தலைவி அன்னாளின் வீடு.

"என்ன குழம்பு, அன்னாள்?"

"பருப்புதான், நர்சம்மா."

"தாளிக்கலையா?"

"எண்ணெய் தீந்துபோச்சு."

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் குரல் கொடுத்தார். "ஆறு நாளாத் தீந்து கெடக்கு! ரெண்டு லிட்டர் கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்கு!"

"செத்த சும்மா இருங்க!"

"யாருக்கு, அன்னாள்?"

"மகன் ஜெரினுக்கு. வேர்க்குருதான்."

"வேர்க்குருவுக்கு யாராவது தாளிக்காம இருப்பாகளா?"

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது, நர்சம்மா. ஆனா அது மாரியாத்தாளுக்குத் தெரியுமா?"

பிரிஸ்கில்லா சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். அப்போதுதான் கூடத்தில் விரித்திருந்த புது மெத்தையைப் பார்த்தாள்.

"யாரு வாரா?"

"மக டெய்சி. மூணாவது மாசம். வாந்தி தாங்கலயாம், பத்து நாள் இருக்கட்டும்னு வரச்சொன்னேன். திருப்பூர்ல பஸ் ஏறிட்டா."

சிரிப்பு நின்றது. "ஸ்கூல்ல எல்லாருக்கும் ரூபெல்லா ஊசி போட்டாகளே, டெய்சி போட்டாளா?"

அன்னாள் சேலை முந்தியைத் திருகினாள். "அந்த ஊசி ஆகாதுன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. அன்னைக்கு லீவு போட வச்சுட்டேன்."

பிரிஸ்கில்லா விஷயத்தை நாலே வரியில் சொன்னாள். கேட்டு முடிக்குமுன் அன்னாள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"ஒட்டன்சத்திரம் வந்துட்டேம்மா."

"எறங்கு! திரும்பிப் போயிரு! இங்க வந்தா காலை ஒடிப்பேன்!"

"நேத்து நீதானம்மா அழுது வரச்சொன்ன?"

பிரிஸ்கில்லா போனை வாங்கி நிதானமாக விளக்கினாள். டெய்சி கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு வைக்கிறேன்னு அம்மா சொன்ன மீன் குழம்பு?"

"இன்னைக்குப் பருப்புதாம்மா," என்றாள் பிரிஸ்கில்லா. "அதுவும் சுமாராத்தான் இருக்கும்."

இறங்கிவிட்டேன் என்று செய்தி வந்தபிறகுதான் அன்னாள் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க, நர்சம்மா. ரொனால்டு வீட்டுல ரெண்டு. சூசை வீட்டுல மூத்தவ, போன செவ்வாக்கிழமை சிவந்துச்சு. பிரான்சிஸ் வாத்தியார் வீட்டுல மூணு பேரு..."

மூச்சுவிடாமல் பத்துப் பேர், தேதியோடு.

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வேர்க்குருன்ன?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அவுக எனக்காக மறைச்சாக. நான் அவுகளுக்காக மறைச்சேன்." அன்னாள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். புஜமெல்லாம் சிவப்பு. "இது நேத்து வந்துச்சு. பஸ்ஸை விட்டு எறங்குனதும் பிள்ளைய நாந்தான் மொதல்ல கட்டிப்பிடிச்சிருப்பேன்."

பிரிஸ்கில்லா ரத்தம் எடுக்கிற ஊசியைப் பிரித்தாள். அன்னாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை.