ஆறுதலாக வந்த மணி

2006 ஜனவரி. ஓஸ்லோவில் என் இரண்டாவது குளிர்காலத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். ரசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் வாரத்துக்கு இரண்டு முறை பனியில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தேன். அம்மருட் என்ற புறநகரில் அடுக்குமாடி வீடு, அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. ரூட்டர் என்கிற பெட்டிக்குள் எந்தத் தகவல் முதலில் போகலாம், எது காத்திருக்க வேண்டும் என்று வரிசை எழுதுவதுதான் என் தொழில். அதில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

அதற்கு முந்தைய மாதம் ஹவுகெட்டோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வந்தது. மேட்டில் பழைய கட்டடம், அடிவாரத்தில் புதிய கட்டடம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஒல்லியான லைன். தொலைபேசிப் பேச்சு, டாக்டரோடு வாராவாரம் நடக்கும் வீடியோ சந்திப்பு, அலுவலகக் கோப்புகள், முதியவர்கள் கழுத்தில் தொங்கும் அவசர மணிப் பொத்தான் எல்லாமே அதற்குள் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பொத்தானை அழுத்தினால் செய்தி புதிய கட்டடத்துக் கணினிக்குப் போய்த் திரும்பி வந்துதான் தலைமை நர்ஸின் இடுப்பில் இருக்கும் போனில் மணி அடிக்கும். பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது, டாக்டரின் வாய் அசைந்து வெகுநேரம் கழித்துத்தான் குரல் வருகிறது என்று புகார்.

நான் பேச்சையும் வீடியோவையும் முதல் வரிசையில் வைத்தேன். அவை போய் முடித்து இடம் மிஞ்சினால்தான் மற்றவை போகலாம். நம் ஊர்ப் பெரிய கோயில்களில் சிறப்பு தரிசன டிக்கெட் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், தர்ம தரிசன வரிசையைக் கயிறு கட்டி நிறுத்திவைத்திருப்பார்கள் இல்லையா, அதே ஏற்பாடு. அவசர மணியைக் கோப்புகளோடு சேர்த்துத் தர்ம தரிசனத்தில் விட்டேன். மணி அனுப்பும் செய்தி எறும்பளவுதான், இடுக்கில் புகுந்து போய்விடும் என்று நினைத்தேன். நான் கட்டியது கயிறு இல்லை, சுவர் என்பது உறைக்கவில்லை. வீடியோ ஓடாத ஒரு காலை வேளையில் ஒரு முதியவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன். கீழே நர்ஸின் போன் உடனே அடித்தது, அவரும் மாடிக்கு ஓடி வந்தார். என்னை நானே தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. ரூட்டரைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்று, “தம்பி, இதையோ பூட்டிறியள்?” என்று கேட்டார்.

“இல்லக்கா, திறந்துதான் இருக்கு. பூட்டமாட்டேன்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அவர்கள் பேச்சில் பூட்டுவது என்றால் பொருத்துவதாம். அன்று மாலைக்குள் கெதியாக என்றால் விரைவாக, கதைப்பது என்றால் பேசுவது என்று நாலைந்து சொற்களைக் கற்றுக்கொண்டு, இலங்கைத் தமிழில் நான் பாஸ் என்று எனக்கு நானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன். ஏதாவது தொந்தரவு என்றால் கூப்பிடச் சொல்லி என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார்.

“தம்பி, வியாழக்கிழமையில மணி ஆறுதலா வருது.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வயதானவர்களுக்கு மணி ஓர் ஆறுதல். அதைச் சொல்லவே கூப்பிட்டிருக்கிறார். அதுவும் வியாழக்கிழமை, குருவுக்கு உகந்த நாள். அவர் கத்தோலிக்கர் என்றாலும் குரு பார்வைக்கு மதம் ஏது.

“ரொம்ப சந்தோஷம்க்கா” என்றேன்.

“சந்தோஷமோ?”

“ஆமாக்கா. அப்படி வரணும்னுதானே பார்த்துப் பார்த்து செஞ்சேன்.”

“வேணுமெண்டோ செய்தனீங்கள்?”

“வேற யாருக்காகச் செய்வேன்? உங்களுக்காகத்தான்.”

“சரி தம்பி. சொல்ல வேண்டியதை நான் சொல்லிப்போட்டன்” என்று வைத்துவிட்டார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம். ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு ஓஸ்லோ மத்திய ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இலங்கைத் தம்பதி. கணவர் கையில் முகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. பின்னால் வந்த மனைவி சொன்னார்: “ஆறுதலா இறங்குங்கோ, வழுக்குது.”

படியில் எப்படி ஆறுதலாக இறங்குவது? யாராவது செத்துப் போனார்களா? வாய் சும்மா இருக்காமல் அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

“மெல்ல இறங்கச் சொன்னனான். அவசரப்படாமல். ஏன், உங்கட ஊரில அப்பிடிச் சொல்லுறேல்லையோ?”

அந்தப் படியிலேயே என் கால் நின்றுவிட்டது. வியாழக்கிழமையில மணி மெல்ல வருது. அதற்கு நான் சொன்னது, ரொம்ப சந்தோஷம். அப்படி வரணும்னுதானே செஞ்சேன். உங்களுக்காகத்தான்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குத்தான் அங்கே டாக்டரின் வீடியோ சந்திப்பு. அது ஓடும் வரை என் முதல் வரிசை நிரம்பி வழியும். தர்ம தரிசனத்தில் நிற்கும் மணி நின்றது நின்றபடிதான். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். அன்றும் வியாழக்கிழமை.

அக்காவின் கைபேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. இல்லத்தின் அலுவலகத்துக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். குரல் அவ்வளவு துல்லியம், என் கைவண்ணம். வீடியோவை நிறுத்துங்கள், அவசர மணி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நார்வே மொழியில் கத்தினேன். அந்த மொழியில் வரிசைக்கும் பசுமாட்டுக்கும் உதட்டைக் குவிப்பதில்தான் வித்தியாசம். பதற்றத்தில் என் உதடு எப்படிக் குவிந்ததோ தெரியாது.

“பசுமாட்டுக்குப் பின்னாலா?” என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

“ஆமாம், பெரிய பசுமாடு” என்றேன்.

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

ரூட்டரை மாற்ற வேண்டுமானால் அரை மணி தள்ளியிருக்கும் என் அலுவலகத்துக்குப் போய்க் கணினியைத் திறக்க வேண்டும். ஹவுகெட்டோ ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. ஓடி ஏறினேன். பத்து நிமிடப் பயணத்தில் அந்த இல்லத்தில் பார்த்த ஒவ்வொரு முகமாக மனதில் வந்தது. முக்கியமாகப் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த முன்னாள் டிராம் ஓட்டுநர். இதயம் பலவீனமானவர். நான் சோதனை செய்த நாளில் பொத்தானை அழுத்திக் கொடுத்தவர் அவர்தான். நர்ஸ் ஓடி வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு மனிதரை நான் வரிசையில் நிற்க வைத்தே கொன்றுவிட்டேனோ என்ற நினைப்பு வந்தது. வேர்க்குரு வரும் அளவுக்கு வேர்த்தது. வெளியே மைனஸ் எட்டு டிகிரி.

நிலையத்திலிருந்து இல்லம் வரை மேடு. முதல் முறை விழுந்து எழுந்தேன். இரண்டாம் முறை எழுந்திருக்க நேரமில்லாமல் நாலு காலில் கொஞ்ச தூரம் போனேன். அலுவலகப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் பசுமாடு வந்துவிட்டது என்றே முடிவு செய்திருப்பார்.

பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் சந்திப்பு அறை. கதவைத் தள்ளினேன். தலைமை நர்ஸ் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். திரையில் டாக்டர். அவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததே இல்லை, மூக்குக் கண்ணாடியில் இருந்த கைரேகைகூடத் தெரிந்தது. பெருமைப்பட நேரமில்லை. சுவரிலிருந்து வீடியோ கேபிளைப் பிடுங்கினேன். டாக்டர் பாதி வாக்கியத்தில் மறைந்துபோனார்.

தலைமை நர்ஸ் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டு வெளியே வருவதற்குள் அவர் இடுப்பில் இருந்த போன் அடித்தது. நிறுத்தினார், மறுபடி அடித்தது. மறுபடி. மறுபடி. அடைபட்டு நின்ற மணியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாம் ஒரே அறை எண். அவர் எண்ணைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே நானும்.

மூன்றாவது மாடியில் டிராம்காரர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் அவர் தலையையும் முதுகையும் தாங்கிப் பிடித்திருந்தார் மன்னார் அக்கா. விட்டால் அவருக்கு மூச்சு அடைக்கும், அதனால் எழுந்து போக முடியாது. கத்தினால் கீழே கேட்காது. இன்னொரு கையின் கட்டைவிரல் மணிப் பொத்தானை அழுத்தி அழுத்திச் சிவந்திருந்தது. தலைமை நர்ஸ் ஆக்சிஜன் வைத்தார், மருந்து கொடுத்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். டிராம்காரரின் உதட்டில் நிறம் திரும்பும் வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவுதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றும் சொல்லலாம்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, இண்டைக்காவது கெதியா விட மனம் வந்ததோ?”

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் என்ன, நான் எதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்று உளறி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் முறைப்பாடு சொல்ல, நீங்கள் சந்தோஷம் எண்டியள். இந்தியாப் பொடியனுக்கு நெஞ்சில ஈரமில்லை எண்டு நினைச்சன். எங்கட பொறுப்பாளரிட்டயும் சொன்னனான், படிவம் நிரப்பித் தரச் சொன்னா. உங்கட மணியை நம்பேலாது எண்டு, வியாழக்கிழமையில பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வாசல் வாசலா நடந்து பாத்துக்கொண்டு வந்தனான். அப்பிடி வரேக்கதான் இவர் விழுந்து கிடந்தவர்.”

ஆக, அந்த மனிதரை முதலில் காப்பாற்றியது இவருடைய கால்கள். நான் வந்து பிடுங்கியது ஒரு கேபிள், அவ்வளவுதான்.

சாயங்காலம் ரூட்டர் முன்னால் உட்கார்ந்து வரிசையை மாற்றி எழுதினேன். மணிக்கு முதலிடம். பேச்சுக்கும் வீடியோவுக்கும் இவ்வளவுதான் என்று ஒரு எல்லை. கோப்புகளுக்கும் என்ன நடந்தாலும் கொஞ்சம் வழி. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தர்ம தரிசனக் கதையைச் சொல்லி விளக்கினேன்.

“எங்கட மாதா கோயில் திருநாளிலயும் சனம் வரிசையிலதான் நிக்கும். வருத்தக்காரர் வந்தால் முதல் விடுவினம். மற்ற ஆக்களையும் மறிச்சு வைக்கிறேல்லை. இதுக்கோ தம்பி நீங்கள் அவ்வளவு காலம் படிச்சனீங்கள்?”

வருத்தக்காரர் என்றால் நோயாளிகள்தானே என்று இந்த முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு சோதனைக்கு ஒரு வீடியோவை ஓட விட்டபடியே, அவரை ஒவ்வொரு அறையாகப் போய்ப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். நர்ஸின் போனை வாங்கி வைத்துக்கொண்டு கீழே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் கெதியாக வந்தது. மறுநாள் என் மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பசுமாட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

டிராம்காரர் மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் பொத்தானை அழுத்தி, காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தார். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஓடி வந்த அக்காவிடம் இருவருமாகத் திட்டு வாங்கினோம்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. யாராவது என் வேலையைப் பாராட்டினால், அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறேன். ‘ஆறுதலா வாங்கோ’ என்று யார் அன்போடு கூப்பிட்டாலும், என் கால் மட்டும் இன்றுவரை கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறது.