மாறுகண் தலைவர்

சப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணியாக இருந்தேன். பேரேடு எழுதுவதும் பெயர் கூப்பிடுவதும் என் வேலை. என் வியாதி மேடைப்பேச்சு. ஒலிபெருக்கி இல்லாத அந்த நாட்களிலும் அது தீவிரமாகவே இருந்தது.

இந்தியாவை விடுவிக்கப் படை திரட்டிய தலைவருக்குத் தோட்டத்து முச்சந்தியில் மார்பளவுச் சிலை வைப்பதென்று அவருடைய சங்கத்தார் முடிவு செய்தார்கள். திறப்புரை என்னுடையது. சிலை செய்யப் பால்மரம் வெட்டும் ஒருவரைப் பிடித்தோம். நாற்பதைத் தாண்டியவர், எங்கள் கோயில் முனியாண்டியைச் சிமெண்டில் செய்தவர். வேறு முகம் செய்து பழக்கமில்லாததால், தலைவரும் மூன்றாம் நாளே லேசாக உறுமத் தொடங்கினார். வேலிக் கம்பியை வளைத்து மூக்குக் கண்ணாடி மாட்டிய பிறகுதான் சற்றுச் சாந்தமானார்.

எல்லாம் முடிந்தது, கண்ணைத் தவிர. கோயில் சிலைக்குக் கருவிழி எழுதுவதுதான் கடைசி வேலை. அதைக் கண் திறப்பது என்பார்கள்.

"எப்பண்ணே கண்ணு தொறப்பீங்க?" என்று கேட்டேன்.

"தேய்பிறைங்க ஐயா. இப்பத் தொறக்கக் கூடாது."

"இது சாமி இல்லலா. தலைவரு."

"யாரா இருந்தா என்னங்க, கண்ணு கண்ணுதானே?"

வளர்பிறை வந்தது. சொந்தத்தில் யாருக்கோ தீட்டு என்றார். தீட்டு கழிந்தது, மழை வந்தது. திறப்பு விழா இரண்டு முறை தள்ளிப்போனது. புல்வெட்டும் பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்: "கண்ணு தெரியாத தலைவருக்கு மாலை போட்டா, போட்டது கிராணின்னு அவருக்கு எப்படிடி தெரியும்?"

ஒருநாள் சிற்பியின் மனைவி ஆபீசுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஐயா, செலை முடிஞ்சிட்டா இவரையும் சயாமுக்கு அனுப்பிடுவாங்க. அதான் இழுத்துக்கிட்டே இருக்காரு. நீங்க அவசரப்படுத்தாதீங்கய்யா."

சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டுச் சப்பான்காரன் வாங்கிய பட்டியல் என் மேசைக்குள்தான் இருந்தது. எழுதியதும் நான்தான். அதில் அவர் பெயருக்கு எதிரே, 'சிலை முடியும் வரை வேண்டாம்' என்று அதிகாரி சொல்லி நான் எழுதிய குறிப்பும் இருந்தது. ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

"சரிம்மா, பாத்துக்குறேன்" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. இந்த முறையும் சிலை தயாராகாவிட்டால் விழாவைச் சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அந்தத் தோட்டத்துக் கிராணிக்கும் பேச்சு வியாதி உண்டு. 'தியாகம்' என்ற சொல்லை 'தீயாகம்' என்று உச்சரிப்பவன். அவன் பேசி ஜனங்கள் கைதட்டுவதை நினைத்தால் எனக்கு மரவள்ளிக்கிழங்குகூட இறங்கவில்லை.

விழா அன்று விடிந்ததும் விடியாததுமாகத் தார் டப்பாவும் ஒரு குச்சியுமாய்ப் போய், கம்பிக் கண்ணாடிக்குள் கையை நுழைத்து, நானே கண் திறந்தேன். வலது விழி சுமாராக வந்தது. இடது விழி மூக்கைப் பார்த்தது.

மாலை போட்டார்கள். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். தியாகத்தைப் பற்றித்தான், உச்சரிப்பெல்லாம் சுத்தம். கைதட்டல் ஓய்ந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த சப்பான் அதிகாரி எழுந்து வந்து சிலையை ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான்.

"சுடா சியாப்?" என்றான். முடிந்துவிட்டதா என்று அர்த்தம்.

பாராட்டப் போகிறான் என்று நினைத்தேன். "சுடா, துவான்!" என்று, அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட வராத கம்பீரத்தோடு சொன்னேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் பட்டியலைக் கேட்டான். கூட்டத்துக்குள் சிற்பியைத் தேடினேன். அவர் சிலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலை எடுத்து வந்ததும், அவர் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பை அடிக்கச் சொன்னான் அதிகாரி. அடித்தேன். நேர்கோடாகவே வந்தது.

லோரி வந்த நாள், துணி மூட்டையோடு முச்சந்திக்கு வந்தவர் சிலையருகே நின்றார்.

"எடது கண்ணு மூக்கப் பாக்குதுங்க ஐயா. சுரண்டிட்டு மறுபடி வச்சா சரியாயிரும். ரெண்டே நிமிஷம்."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலைக்காரனுக்குக் கண்ணை உறுத்தியிருக்கும், அவ்வளவுதானோ என்னவோ. நான், "லோரி நிக்குதுண்ணே, ஏறுங்க" என்றேன். ஏறினார்.

சண்டை முடிந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் அவர் இல்லை. பாதி வழியில் காய்ச்சல் என்று ஒருவன் சொன்னான், ஆற்றோடு போய்விட்டார் என்று இன்னொருவன். வெள்ளைக்காரன் மறுபடி வந்து சிலையை உடைக்கச் சொன்னபோது, கூலிக்கு ஆள் வைத்தவனும் நான்தான். அதற்காகப் பெரிதாக வெட்கப்படவில்லை. வெட்கத்துக்கு வேறு இடம் இருந்தது.

ஒரு காலை அவர் மனைவி மறுபடி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன், சொல்லப்போனால் ஆசையாகவே இருந்தேன்.

"திதி குடுக்கணுங்கய்யா. செத்த நாளு தெரியல. லோரி ஏறுன நாளையே வச்சிக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. அது என்ன நாளுன்னு நீங்க எழுதி வச்சிருப்பீங்களே?"

பேரேட்டைப் புரட்டினேன். அந்த மாதப் பக்கங்களை, வெள்ளைக்காரன் வருகிறான் என்ற பயத்தில் நானே கிழித்துப்போட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தேன். விழா நடந்த நாள், கிழமை, நான் மேடையேறிய மணி, எத்தனை முறை கைதட்டினார்கள் என்பது வரை நினைவிருந்தது. லோரி வந்த நாள் மட்டும் நினைவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவால்லீங்க ஐயா, அமாவாசைக்கு வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.