பாப்பாவின் கூழும் நாலடி தூரத்து அடுப்பும்

பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போகிறவள் அந்தப் பிள்ளைக்கு ஆக்கியும் போட வேண்டுமா, வேண்டாமா? எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் போன மாதம் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. இண்டூரிலிருந்து தருமபுரிக்கு இந்த வேலைக்குப் போகிறவர்கள் எங்களில் நாலைந்து பேர் இருக்கிறோம்.

"நாம என்ன சமையல்காரியா? பாக்கறது ஒரு வேல, ஆக்கறது ஒரு வேல. ஒண்ணுக்குக் கூப்புட்டு ரெண்டு வாங்கிக்கறாங்க" என்றாள் ஒருத்தி.

"பசிக்கற புள்ளைக்கி ரெண்டு கரண்டி கூழு காச்சுனா கை தேஞ்சா போயிரும்?" என்றாள் இன்னொருத்தி.

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அவர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்பேன். எங்கே நின்று ஆக்குவது? இதை நான் வாய்க்கொழுப்பில் கேட்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு கேட்கிறேன்.

நான் வேலைக்குப் போன வீடு தருமபுரி டவுனில் ஒரு மாடி வீடு. மேடம் பேங்கில் வேலை. அவர் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பாப்பாவுக்கு அப்போது நாலு மாதம். முதல் நாள் மேடம் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "இண்டூர்ல எந்தத் தெருங்க அக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். சொன்னேன். முகம் மாறவில்லை, சிரிப்பு மட்டும் ஒரு நொடி தாமதமாக வந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த அம்மா சமையலும் சேர்த்தே செய்தாராம். என்னிடம், "நீங்க கிச்சனுக்கெல்லாம் வர வேண்டாங்க அக்கா. பால நானே கலக்கி ஃபிளாஸ்க்ல வெச்சிடறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றார்.

அக்கறையாகச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு என்ன தெரியாதா? நான் குடித்த டம்ளர் மறுநாள் துணி துவைக்கிற இடத்து ஜன்னலில் தனியாக உட்கார்ந்திருந்தது. வேலை வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலை இல்லையென்றால் வெயிலில் தக்காளி பறிக்கத்தான் போக வேண்டும். என் முதுகு அதற்கு இனிமேல் ஒத்துவராது.

அதோடு பாப்பா என்னிடம் ஒட்டிக்கொண்டது. என் சங்கிலியைப் பிடித்து இழுக்காமல் அதற்குத் தூக்கம் வராது. இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பேன். எச்சில் ஒழுகி என் தோளெல்லாம் நனைந்திருக்கும். பாப்பாவுக்கு என் தோள் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று தெரியாது.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டர், வீட்டுச் சாப்பாடு ஆரம்பியுங்கள், ராகிக் கூழ், பருப்புச் சாதம் எல்லாம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். மேடம் முதலில் டப்பா மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். பாப்பா அதை நாக்காலேயே வெளியே தள்ளியது. காலையில் எழுந்து காய்ச்ச அவருக்கு நேரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபோன் செய்தார்.

"அக்கா, நாளைல இருந்து பாப்பாவுக்கு நீங்களே சாப்பாடு செஞ்சு குடுத்துருங்க. குழந்தையப் பாத்துக்கறதுன்னா இதும் சேந்ததுதானே?"

"செய்யறேங்க மேடம்" என்றேன். கிச்சன் கதவு திறந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் புதிய கரண்டு அடுப்பு. கீழே ஒரு பிளாஸ்டிக் கூடையில் குட்டிக் குக்கர், ரெண்டு கிண்ணம், ஒரு கரண்டி. "உங்களுக்குன்னே வாங்குனது அக்கா. இங்கயே வசதியா செஞ்சுக்கங்க" என்றார் மேடம். சாக்கடைக் குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. சோப்புத்தூள் வாசம். அங்கிருந்து நாலடி எடுத்து வைத்தால் கிச்சன், அதில் மூணு பர்னர் கேஸ் அடுப்பு.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டப்பா மாவு ஆகாது, முளைகட்டின ராகி மாவுதான் நல்லது என்று யாரோ மேடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். "அக்கா, உங்க வீட்டுலயே முளைகட்டிக் காயவெச்சு அரைச்சுட்டு வந்துருங்களேன்" என்றார். சரியென்று என் விடுமுறை நாளில் ராகியை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் எங்கள் மாடியில் நிழலில் காயவைத்து, வறுத்து, எங்கள் தெருவில் இருக்கும் மில்லில் அரைத்துச் சலித்துக் கொண்டுபோனேன். எங்கள் தெரு மில் மாவு போகலாம், எங்கள் தெருப் பொம்பளை போகக் கூடாது. இது என்ன நியாயம் என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

ஆனாலும் ஆக்கினேன். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாசம் போய் மினுமினுப்பு வந்தால் இறக்கலாம். ஒரு சொட்டு நெய். உப்பும் சர்க்கரையும் டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருந்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து ஊட்டினால், பாப்பா கரண்டியை விடாமல் கடிக்கும். கன்னம் உப்பியது, கால் திரண்டது. மேடம் ஃபோனில் சொந்தக்காரர்களுக்கு வீடியோ காட்டுவார். "எல்லாம் ஹோம் ஃபுட்தான், வெளிய எதும் வாங்கறதில்ல" என்பார். யார் ஆக்குவது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் கூழில் மறைத்ததைப் பார்த்தேன்.

இப்படி ரெண்டு மாதம் போனது. அப்புறம்தான் அந்த ஷட்டவுன் நாள் வந்தது. மாதம் ஒரு நாள் கம்பி வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டை நிறுத்துவார்களே, அதுதான். மேடம் மறந்துவிட்டார். வழக்கம்போல ஒரு வேளைப் பாலைக் கலந்து ஃபிளாஸ்கில் வைத்துவிட்டு பேங்குக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது.

பதினோரு மணிக்குப் பால் தீர்ந்தது. பன்னிரண்டுக்குப் பாப்பா கூழுக்கு அழ ஆரம்பித்தது. கரண்டு அடுப்பு செத்துக் கிடந்தது. மேடத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்தால் எடுக்க மாட்டார். ஹாலில் இருந்த வாழைப்பழத்தை மசித்து வாயில் வைத்தேன். துப்பிவிட்டு இன்னும் பெரிதாக வீறிட்டது. முகம் சிவந்து, அழுகை விக்கலாக மாறியது.

பாப்பாவை இடுப்பில் வைத்தபடி கிச்சன் வாசலில் நின்றேன். கதவுகூடச் சாத்தவில்லை. நாலு மாதமாக என்னைத் தடுத்து நிறுத்தியது வெறும் பேச்சுதான். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பசித்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் அனுமதிக்கு நிற்கிறேன் நான்?

உள்ளே போனேன். கேஸைத் திறந்து பற்றவைத்தேன். அலமாரியிலிருந்து அவர்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தையே எடுத்தேன். வேண்டுமென்றுதான் எடுத்தேன், கூடையில் என் குக்கர் இருந்தும். கூழ் காய்ச்சினேன். அங்கேயே, கிச்சன் தரையில், காலை நீட்டி உட்கார்ந்து ஊட்டினேன். பாப்பா ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டு, என் சங்கிலியைப் பிடித்தபடி மடியிலேயே தூங்கிவிட்டது.

அப்புறம் யோசித்தேன். என்னைக் கண்காணிக்க ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். அதற்கும் அன்றைக்குக் கரண்டு இல்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் சாமிக்குக்கூடத் தெரியாது. கழுவவில்லை. கூழ் ஒட்டிய பாத்திரத்தைக் கேஸ் அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். பின்னால் இதைக் கேட்ட எங்கள் குழுப் பொம்பளைகள், "சும்மா கெடந்த சங்க எதுக்குடி ஊதுன?" என்று திட்டினார்கள். திட்டட்டும். நான் திருடவில்லை, ஒளித்து வைக்க.

ஆறு மணிக்கு மேடம் வந்தார். கை கழுவக் கிச்சனுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இதுல யாரு காச்சுனது?"

"நாந்தாங்க. கரண்டு இல்ல, பாப்பா பசியில வீறிட்டுப் போச்சு. ரெண்டு தடவ ஃபோன் அடிச்சேன், நீங்க எடுக்கல."

அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். ரெண்டு அழைப்பும் அதில் இருந்தன. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாக, "அவசரத்துக்கு செஞ்சீங்க, அது சரிதான். ஆனா கழுவி வெச்சிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்லக்கா" என்றார்.

இதற்குத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டா? நான் பதில் சொல்வதற்குள் அவர் சோப்பையும் நாரையும் எடுத்து அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பாத்திரத்தை அல்ல, அடுப்பை. பர்னரைக் கழற்றித் தேய்த்தார், மேடையைத் தேய்த்தார், நான் உட்கார்ந்திருந்த தரைக்கும் தண்ணீர் ஊற்றினார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன்.

"மேடம், அடுப்பத் தேச்சிட்டீங்க. பாப்பா வயித்த எப்படித் தேப்பீங்க? ரெண்டு மாசமா அதுக்குள்ள போனது எல்லாம் என் கை ஆக்குனதுதான்."

நார் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு அப்படியெல்லாம் எதும் இல்லக்கா. வீட்டுல பெரியவங்க வந்தா..."

"பெரியவங்க யாரும் இங்க இல்லீங்க. நீங்க, நானு, பாப்பா. மூணே பேருதான் இருக்கறோம்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"பாப்பாவுக்கு ஆக்கறது என் வேலையில சேந்ததுன்னு சொன்னீங்க. நல்லது, ஆக்கறேன். ஆனா நாளைல இருந்து இந்த அடுப்புலதான் ஆக்குவேன். வேண்டாம்னா நீங்களே ஆக்கி வெச்சிட்டுப் போங்க, நான் ஊட்டறேன். சாக்கடைகிட்ட ஒக்காந்து இனிமே ஆக்க மாட்டேன். ரெண்டும் ஆகாதுன்னா சொல்லிருங்க, வூட்டுலயே நின்னுக்கறேன்."

பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். அது என் பக்கம் தாவி அழுதது. அதைப் பார்க்காமல் படியிறங்கினேன். தைரியமாகப் பேசிவிட்டேனே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தக்காளிக் காடுதான் கண்ணில் வந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேலையைவிட, இனிமேல் அந்தப் பிள்ளை யார் மடியில் தூங்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. பசித்த பிள்ளையை வைத்துப் பேரம் பேசிவிட்டேனோ என்றும் ஒரு நினைப்பு. இல்லை. பிள்ளைக்கு ஊட்டி முடித்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். முதலில் கூழ், அப்புறம்தான் நியாயம்.

இரவு ஃபோன் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் வேலை இருக்கிறது என்று காலையில் வழக்கமான பஸ்ஸைப் பிடித்தேன். மேடம் பேங்குக்குக் கிளம்பிக் கிச்சனில் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. அவர் முன்னால் பாப்பாவின் ராகி டப்பா திறந்து கிடந்தது. பாத்திரத்தில் கட்டி கட்டியாக என்னவோ கரிந்து போயிருந்தது. ஹாலில் பாப்பா அழுதுகொண்டிருந்தது.

என்னைப் பார்த்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நான் கிழவியாகிவிடுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்க் கை கழுவினேன்.

"கொஞ்சம் நகருங்க மேடம், அடுப்பப் பத்த வெக்கணும்" என்றேன்.

நகர்ந்தார்.