பச்சை டீசலுக்கு ஒரு ஜோடி

வேலையில் சேர்ந்த முதல் வாரமே, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து மேலே கதவை நெம்பித் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை நீண்டது. பிடித்து ஏறலாம் என்று நான் கையை நீட்டினால், அது என் அக்குளில் இருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டது. அக்கா மகளுக்காக நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பொம்மை ரயில் எஞ்சின் அது. காகிதத்துக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வாங்கினீங்க இதை?"

"சார், நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

"இருங்க, இருங்க. எங்க போயிடப் போறீங்க?"

எஞ்சினைக் கவிழ்த்து, டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தார். "உடம்பு டீசல், சக்கரம் வேற வண்டியோடது. தலை ஒருத்தனுக்கு, கால் ஒருத்தனுக்கு. நல்லா ஏமாத்திட்டாங்க தம்பி!" என்று சொல்லி முடித்த பிறகுதான் என்னை மேலே இழுத்தார்.

அவர் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்து நான்கு வயது. அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. தேநீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். லிஃப்டுக்குப் போக மிச்சமுள்ள உயிரையெல்லாம் பழைய மாடல் டீசல் எஞ்சின்களைத் தேடி வாங்குவதில் வைத்திருந்தார். நீராவி எஞ்சினை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "அது புகை விடும், கூட்டம் சேரும். டீசலுக்கு யாரு இருக்கா, நம்மள விட்டா?"

எதைக் கண்டாலும் முதலில் கவிழ்ப்பார். சக்கர விளிம்பு தடித்திருந்தால் பழசு. திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு என்றால் கம்பெனி போட்டது. கூட்டல் குறி என்றால் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். மோட்டாரை மோந்துகூடப் பார்ப்பார்.

அவர் வீட்டு அலமாரியில் நடுநாயகமாக ஒரு பச்சை டீசல் நின்றது. அந்த வகை ஜோடியாக வந்தது. முன்னால் போகும் எஞ்சினுக்கு மோட்டார் உண்டு. பின்னால் இழுபட்டுப் போவது மோட்டார் இல்லாத டம்மி. இவரிடம் இருந்தது டம்மி. முதல் வருடத் தயாரிப்பு என்பதற்குப் பெட்டியில் ஆண்டு முத்திரை இருந்தது. அடித்திருகாணியின் மேல் கம்பெனி வைத்த சிவப்புப் பெயிண்ட் பொட்டு உடையாமல் இருந்தது. இதன் ஜோடிக்காகப் பன்னிரண்டு வருடம் அலைந்திருக்கிறார்.

"அலமாரில ஒண்ணு ஓடாது, வீட்டுல ஒண்ணு நிக்காது," என்றார் அவர் மனைவி, எனக்கு அண்ணி. "ரெண்டுக்கும் நடுவுல நான் தூசி தட்டிட்டிருக்கேன்."

போன வருடம் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இறந்துபோக, அவருடைய ரயில்களை மனைவி விற்பதாகச் செய்தி வந்தது. கூடவே வந்த படத்தில் ஒரு பச்சை டீசல், மோட்டாரோடு. கண்ணாடிக் கடைக்காரருக்கும் செய்தி போயிருந்தது. மூக்குக்கண்ணாடி விற்பவர், டீசல் விஷயத்தில் இவருக்குப் பரம எதிரி.

"இதுவும் போச்சுன்னா அடுத்தது எப்ப வரும், தம்பி? இது வரவே பன்னிரண்டு வருஷம் ஆச்சு," என்று சனிக்கிழமை காலையிலேயே என் கதவைத் தட்டிவிட்டார்.

மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படுக்கை விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். இவர் பச்சை டீசலை எடுத்த எடுப்பில் கவிழ்த்தார்.

"அவரும் இப்படித்தான்," என்றார் அந்த அம்மா. "வீட்டுல என்னை ஒருத்தியைத்தான் நேரா பார்த்தாரு."

சக்கரம் சரி. திருகாணி சரி. மோட்டாரும் சரி. கடைசியில் மூடியைக் கழற்றினார். முதல் வருட வண்டி கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே பச்சை பூசியது; உள்ளே கறுப்பாக இருக்க வேண்டும். இதுதான் அவருடைய வேதம். இதன் உள்ளே சாம்பல் நிறம்.

அவர் முகமும் அந்த நிறத்துக்குப் போனது. "யாரோ வார்த்த போலி, அம்மா. எனக்கு வேண்டாம்."

வாசலில் கண்ணாடிக் கடைக்காரர் எதிரே வந்தார். எதிரியாக இருந்தாலும் இவர் மறைக்கவில்லை. "உள்ள சாம்பல். பார்த்து வாங்குங்க."

"அப்படியா?" என்று அவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்தது புள்ளியியல். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, முதல் வருஷ வண்டி இதுவரைக்கும் எத்தனை திறந்து பார்த்திருக்கீங்க?"

"ரெண்டு."

"ரெண்டை வச்சு ஒரு விதியா? உங்க வீட்டுல இருக்கிறதைத் திறந்தீங்களா?"

"அதை எப்படித் திறக்கிறது? பொட்டு உடைஞ்சிடுமே!"

சொல்லிவிட்டு நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திருப்புளியை வைத்து ஒரு அழுத்து. சிவப்புப் பொட்டு உதிர்ந்து விழுந்தது. மூடியைத் தூக்கினார். உள்ளே சாம்பல்.

"என்ன, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்று எட்டிப் பார்த்தார் அண்ணி.

"எல்லாம் இருக்குடி. என் மண்டையிலதான் ஒண்ணுமில்ல."

டாக்ஸி பிடித்துத் திரும்பி ஓடினோம். விரிப்பில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. "கண்ணாடிக்காரர் இப்பத்தான் எடுத்துட்டுப் போனாரு. நீங்க போலின்னு சொன்னதையும் அவரே சொன்னாரு. போலியா இருந்தா என்ன, நல்லா ஓடுதேன்னு கேட்ட விலையைக் கொடுத்துட்டாரு," என்றார் அந்த அம்மா.

கடைக்குப் போனபோது பச்சை டீசல் கல்லாவின் மேல் நின்றது. இவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப உங்க டம்மியை எனக்குக் கொடுத்துடுங்க," என்றார்.

"நீங்க அதைக் கொடுங்க."

"நல்ல கதையா இருக்கே!"

இருவரும் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் டம்மியைப் பழைய சட்டையில் சுற்றிக்கொண்டு அங்கே போனார். கடையின் பின்னறையில் தண்டவாளம் போட்டிருந்தது.

இப்போதும் எங்கள் லிஃப்டை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். தன் எஞ்சின்கள் முப்பத்தொன்றையும் திறந்து, உள்நிறத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பொட்டு இருந்த இடத்தில் நகப்பூச்சு வைக்கச் சொன்னார் அண்ணி, இவர் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கண்ணாடிக் கடைப் பின்னறையில் ஜோடி சேர்ந்து ஓடுகிறது. கடைக்காரர் நாற்காலியில் இருப்பார், இவர் நின்றுகொண்டிருப்பார். மணி பதினொன்று ஆனதும் கொக்கியைக் கழற்றி, டம்மியைச் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.